ஓய்வு வீட்டின் பின்கட்டு

வார இறுதியில் போய்த் தங்க ஊருக்கு வெளியே ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை புதியதல்ல. கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் ரோமில் வழக்கறிஞராகவும் அரசு அதிகாரியாகவும் இருந்த இளைய பிளினிக்கு அப்படி ஒரு வீடு இருந்தது. லாரெண்டம் கடற்கரையில், நகரத்திலிருந்து 17 ரோம மைல் தூரத்தில். நம் கணக்கில் 25 கிலோமீட்டர். ஏறக்குறைய அடையாறிலிருந்து முட்டுக்காடு. அன்றைய வேலையை முடித்துவிட்டுப் புறப்பட்டாலும் பொழுதோடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் பெருமைப்பட்டுக்கொள்கிறார். வெயில் எந்த அறையில் எப்போது விழும், கடல் எந்தச் சாளரத்தில் தெரியும் என்று அறை அறையாக விவரித்துக்கொண்டு போகிறவர், தனக்கு மிகவும் பிடித்த இடத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறார். தோட்டத்துக் கோடியில் அவரே கட்டிக்கொண்ட சில அறைகள். அங்குள்ள படுக்கையறையில் கடலின் இரைச்சல் கேட்காது. அடிமைகளின் பேச்சுக்குரலும் கேட்காது. டிசம்பர் மாதத் திருவிழாவில் வீடு முழுவதும் கூச்சலாக இருக்கும்போது அவர் அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். அவர்களுடைய கொண்டாட்டத்துக்கு இவர் இடைஞ்சல் இல்லை, இவருடைய படிப்புக்கு அவர்கள் இடைஞ்சல் இல்லை என்று திருப்தியோடு எழுதுகிறார்.

பிளினி தன் காலத்துக்கு நல்ல எஜமானர். அதனால்தான் அவரை முதலில் சொல்கிறேன். கொடூரமான ஒருவரை எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வி சுலபமாகிவிடும். கருணையுள்ள, படித்த, ரசனையுள்ள ஒருவர் ஓய்வைப் பற்றி யோசிக்கும்போது அவருக்குத் தோன்றுவது ஒரு சுவர்: தனக்காக உழைப்பவர்களின் குரல் காதில் விழாதபடி ஒரு சுவர்.

லத்தீனில் ஓய்வுக்கு ஓட்டியம் என்று பெயர். வேலைக்கு நெகோட்டியம், அதாவது ஓய்வு இல்லாதது. ஓய்வுதான் இயல்பு நிலை, வேலை அதன் குறைபாடு. வீட்டு வேலை செய்ய வேறு ஆள் வைத்திருந்தவர்கள் மட்டுமே இப்படி ஒரு சொல்லை உருவாக்கியிருக்க முடியும். தமிழில் ஓய்வு என்ற சொல் ஓய்தலிலிருந்து வருகிறது. மழை ஓய்கிறது, சத்தம் ஓய்கிறது, உடம்பு ஓய்ந்துபோகிறது. ஏதோ ஒன்று நடந்து முடிந்தால்தான் ஓய்வு. நம் பெண்கள் அதையும் எதிர்மறையில்தான் சொல்வார்கள்: “வேலை ஓயவே மாட்டேங்குது.”

நான் வீட்டு வரைபடம் போட்டுப் பிழைப்பவள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெள்ளைத் தூண்களும் முக்கோண முகப்பும் வைத்த வார இறுதி வீடுகள் பெருகிவிட்டன. அவற்றைப் பார்த்துச் சிரிப்பது என் தொழிலில் இருப்பவர்களுக்கு வழக்கம். நான் சிரிப்பதில்லை. ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில், பாம்பேயும் ஹெர்குலேனியமும் தோண்டியெடுக்கப்பட்ட காலத்தில், கிரேக்க ரோமானியக் கட்டடங்களை மறுபடி அளந்து பார்த்து உருவாக்கிய பாணியை நவசெவ்வியல் என்கிறோம். அதற்கு இருநூறு ஆண்டுகள் முந்திய இத்தாலியக் கட்டடக் கலைஞர் பலேடியோதான் அதன் பெரிய ஆசான். எனக்கு இந்தக் கட்டடங்கள் பிடிக்கும். அவற்றின் அழகு பணத்திலோ பரப்பிலோ இல்லை, விகிதத்தில் இருக்கிறது. நீளமும் அகலமும் உயரமும் ஒரே அளவாக உள்ள அறைக்குள் போய் நின்றால் மூச்சு தானாக நிதானப்படும். ஆயிரம் சதுர அடியில், சாதாரணச் செங்கல்லில், பூச்சு வேலையே இல்லாமல் அந்த நிதானத்தைக் கொண்டுவந்துவிடலாம். ஆகவே தூண் வைக்கலாமா கூடாதா என்பதல்ல என் கவலை. அந்த நிதானம் எதை ஒளித்துவைத்துக் கிடைக்கிறது என்பதுதான்.

பலேடியோ 1570இல் வெளியிட்ட கட்டடக்கலை நூலின் இரண்டாம் பகுதியில் இதற்கு ஒளிவுமறைவில்லாத பதில் இருக்கிறது. மனித உடம்பில் உன்னதமான உறுப்புகளும் உண்டு, அவலட்சணமானவையும் உண்டு. இரண்டும் தேவை. ஆனால் கடவுள் அழகானவற்றைக் கண்ணில் படும்படியும் மற்றவற்றை மறைவாகவும் வைத்தார். வீட்டையும் அப்படியே கட்ட வேண்டும். கூடங்கள் கண்ணெதிரே, சமையலறை, கிடங்கு, வேலைக்காரர் சாப்பிடும் இடம், துணி வெளுக்கும் இடம் எல்லாம் கீழே, மறைவில். இதுதான் அவர் சொல்வதன் சாரம்.

பெண்கள் இதைப் படிக்கும்போது இரண்டு முறை முகம் சுளிக்க வேண்டியிருக்கிறது. உடம்பில் பாதி வெட்கத்துக்குரியது என்பது முதல் அடி. உடம்பைப் பிழைக்கவைக்கும் வேலையும் அதே பாதியைச் சேர்ந்தது என்பது இரண்டாவது. நம் வீடுகளிலும் பின்கட்டு உண்டு, அடுக்களை அங்கேதான். ஆனால் காரணம் அப்படியே ஒன்றல்ல. அங்கே அடுக்களை இழிவானது என்று மறைத்தார்கள். இங்கே சாதி இந்துக்களின் பழைய வீடுகளில் அது சுத்தமானது, பிறர் பார்வையும் நிழலும் படக் கூடாதது என்று மறைத்தார்கள். அந்தச் சுத்தத்தைக் காக்க மாதத்தில் மூன்று நாள் பெண்ணையே கொல்லைப்பக்கம் தள்ளினார்கள். இழிவென்றாலும் தூய்மையென்றாலும் ஒரே இருட்டு மூலை, ஒரே புகை, அதில் கண்ணெரிய நின்றவளும் ஒருத்திதான். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ வந்த பிறகு தமிழில் இதைப் பேசுவது கொஞ்சம் எளிதாயிற்று.

முகப்பில் மட்டும் பெண்ணுக்கு இடமுண்டு, கல்லாக. கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய விட்ருவியஸ் தூண்களுக்குச் சொல்லும் கதைகளைப் பாருங்கள். டோரிக் தூண் ஆண் உடம்பின் அளவு. அயோனிக் தூண் பெண்ணுடையது. தலைப்பின் சுருள்கள் அவள் கூந்தல், உடலில் ஓடும் பள்ளங்கள் அவள் உடையின் மடிப்பு. பெண்ணுருவத் தூண்களோ, காரியே என்ற ஊர் எதிரிகளோடு சேர்ந்துகொண்டதற்காக அதன் ஆண்களைக் கொன்றுவிட்டுப் பெண்களை அடிமைகளாக்கியதன் நினைவு. அந்தத் தண்டனை மறக்கப்படாமலிருக்கக் கல்லிலும் அவர்களைச் சுமக்கவைத்தார்களாம். கொரிந்தியன் தூணின் கதைதான் எனக்கு அதிகம் தைக்கிறது. கொரிந்து நகரில் ஒரு சிறு பெண் இறந்துபோகிறாள். அவளை வளர்த்த செவிலி, அவளுக்குப் பிடித்த சின்னச் சின்னப் பொருள்களை ஒரு கூடையில் வைத்து, மழையில் நனையாமலிருக்க மேலே ஓர் ஓட்டை மூடி, சமாதியில் வைத்துவிட்டு வருகிறாள். வசந்தத்தில் அதனடியிலிருந்து அகாந்தஸ் செடி முளைத்துக் கூடையைச் சுற்றி இலை விடுகிறது. அந்த வழியாகப் போன சிற்பி கல்லிமாக்கஸ் அதைப் பார்த்துத் தூண் தலைப்பாகச் செய்கிறான். கதையில் சிற்பிக்குப் பெயர் இருக்கிறது. செவிலிக்குப் பெயர் இல்லை, செத்துப்போன பெண்ணுக்கும் இல்லை. உலகம் முழுவதும் நீதிமன்ற வாசல்களிலும் வங்கி வாசல்களிலும் நிற்பது ஒரு வேலைக்காரப் பெண் துக்கத்தில் கட்டிவைத்த கூடை.

கதை மெய்யோ பொய்யோ, இந்தப் பாணி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது அது.

இனி ஒரு மெய்யான வீடு. அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன் தன் முதன்மை வீடான மான்டிசெல்லோவில் விருந்தாளிகளின் தொல்லை தாங்காமல், அங்கிருந்து சுமார் 90 மைல் தள்ளி, பாப்லர் ஃபாரஸ்ட் என்ற பண்ணையில் 1806இல் ஓய்வுக்கென்று ஒரு சிறு வீடு கட்டத் தொடங்கினார். எண்கோண வடிவம். நடுவில் 20 அடிக்கு 20 அடிக்கு 20 அடி கனசதுரமாகச் சாப்பாட்டு அறை. அதற்கு வெளிச்சம் கூரைக் கண்ணாடி வழியாக மேலிருந்து வருகிறது. சுற்றிலும் நான்கு நீண்ட அறைகள், முன்னும் பின்னும் தூண்முகப்பு. சிறிய நவசெவ்வியல் ஓய்வு வீடு என்றால் என் தொழிலில் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு தெளிவு.

அந்தப் பண்ணை அவருடையதாக வந்ததல்ல. மனைவி மார்த்தாவின் தந்தை 1773இல் இறந்தபோது மகளுக்கு வந்த 4,800 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அது. அன்றைய சட்டப்படி மணமான பெண்ணின் உடைமை கணவன் கைக்குப் போனது. நிலத்தோடு அடிமைகளாக மனிதர்களும் வந்தார்கள், ஹெமிங்ஸ் குடும்பம் உட்பட. வீட்டின் நுட்பமான மரவேலைகளைச் செய்த ஜான் ஹெமிங்ஸ் அடிமை. அவருடைய சகோதரி சாலி ஹெமிங்ஸின் மகன்கள் தாய்மாமனிடமே தச்சுத்தொழில் கற்று, அவரோடு வேலைக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைகளின் தந்தை ஜெஃபர்சன்தான் என்பதை இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள்.

சமையலறை எங்கே? 1814இல் வீட்டின் கிழக்குப் பக்கத்தில், தரைச்சரிவோடு தாழ்த்தி, வரிசையாக அறைகள் கட்டப்பட்டன. சமையல், பண்டக அறை, இறைச்சியைப் புகையூட்டிப் பதப்படுத்தும் அறை. அவற்றின் மேல் தட்டையான கூரை. வீட்டின் தரைமட்டத்தோடு சேரும் நடைமேடை அது. மாலையில் ஜெஃபர்சன் உலவிய இடம். அடுக்களையின் தலைமேல் நடந்துகொண்டே மலைகளைப் பார்க்கலாம், அடுக்களை மட்டும் கண்ணில் படாது. மேற்குப் பக்கம் அப்படியொரு சிறகு கட்டப்படவில்லை. சமன் கெடக் கூடாது என்பதற்காக அங்கே மண்ணைக் கொட்டி மேடாக்கி மரவரிசை நட்டார்கள். ஒரு பக்கம் உழைப்பு, மறுபக்கம் மண்மேடு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே எடை. சமச்சீர் என்ற கொள்கை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது. மான்டிசெல்லோவில் இதையே இயந்திரமாகச் செய்திருந்தார். சாப்பாட்டு அறைக் கணப்படுப்பின் பக்கவாட்டில், கீழறையிலிருந்து மது பாட்டில் தானாக மேலேறி வரும் சிறு தூக்கி. தட்டுகளைப் பின்னால் அடுக்கித் திருப்பினால் முன்னால் வந்து நிற்கும் சுழல்கதவு. சாப்பாடு வரும், கொண்டுவந்த கை வராது.

பாப்லர் ஃபாரஸ்டில் அவருக்குச் சமைத்து, துணி துவைத்து, அவர் இல்லாத மாதங்களில் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் ஹன்னா என்ற அடிமைப் பெண். 1818 நவம்பரில் ஹன்னா ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. அடிமைகள் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதே அரிதான காலம். நோய் காரணமாக அந்த இலையுதிர் காலத்தில் ஜெஃபர்சன் வரவில்லை. ஹன்னா முதலில் தெரிவிப்பது வீடும் தட்டுமுட்டுச் சாமான்களும் பத்திரமாக இருக்கின்றன என்பதை. அவர் அதைத்தான் முதலில் அறிய விரும்புவார் என்று ஹன்னாவுக்குத் தெரியும். பிறகு அவருடைய உடல்நிலை. பிறகு கடவுளுக்கு நன்றி சொல்வதைப் பற்றி, கிட்டத்தட்ட அறிவுரையாகவே சில வரிகள். எஜமானர் வராத ஓய்வு வீட்டில் வேலை நின்றுவிடவில்லை என்பது அந்தக் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஓய்வு வீட்டுக்கு வருஷம் முழுவதும் ஆள் வேண்டும். ஓய்வெடுப்பவர் வருஷத்தில் மூன்று நான்கு முறை வந்தால் போதும்.

இங்கே நிறுத்திவிட்டால், ஓய்வு வீடு என்பதே குற்றம், தூண் என்பதே ஆதிக்கம் என்று ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். பெண்ணியக் கட்டுரைகள் சில அப்படி முடிவதும் உண்டு. எனக்கு அது போதவில்லை. காரணம் இன்னொரு வீடு.

லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் ஆற்றங்கரையில் மார்பிள் ஹில் இருக்கிறது. கச்சிதமான வெள்ளை வீடு. மாடியில் 24 அடிக் கனசதுரமாக ஒரு பெரிய கூடம். கட்டத் தொடங்கியது 1724, முடிந்தது 1729. கட்டிக்கொண்டவர் ஹென்ரியட்டா ஹோவர்ட். 1706இல் அவருக்கு மணமான சார்லஸ் ஹோவர்ட் குடிகாரன், சூதாடி, கைநீட்டுகிறவன். ஹென்ரியட்டா அரண்மனையில் இளவரசியின் பணிப்பெண்ணாகச் சேர்ந்து, பின்பு இளவரசரின், அதாவது பிற்கால இரண்டாம் ஜார்ஜ் மன்னரின், ஆசைநாயகி ஆனார். 1723இல் இளவரசர் அவருக்குப் பங்குப் பத்திரங்களும் நகைகளும் சாமான்களும் எழுதிக்கொடுத்தார். ஆங்கிலச் சட்டப்படி மனைவியின் உடைமை கணவனுடையது. எனவே அந்தப் பத்திரத்தில் அறங்காவலர்களை நடுவில் வைத்து, கணவன் தொட முடியாதபடி கட்டியெழுதினார்கள். மனையும் அப்படித்தான் வாங்கப்பட்டது. 1733இல் கணவன் இறந்தான். அடுத்த ஆண்டு ஹென்ரியட்டா அரண்மனையை விட்டு வெளியேறினார். 1767இல் இறக்கும்வரை அந்த வீடு அவருடையதாகவே இருந்தது. இங்கிலாந்தில் மணமான பெண்கள் எல்லாருக்கும் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை முழுமையாகக் கிடைத்தது 1882இல்.

அடித்த கணவனும் அரண்மனைச் சேவகமும் இல்லாத இடம் ஒன்று ஒரு பெண்ணுக்குக் கிடைத்ததை அற்பமாக நினைக்க என்னால் முடியாது. செங்கல்பட்டில் 1929இல் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது 1989இல். அறுபது ஆண்டுகள். அதன் பிறகும் அண்ணன் தம்பிக்கு ‘விடுதலை’ எழுதிக்கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ரிஜிஸ்டர் ஆபீஸ் படியிறங்கும் பெண்களை நான் அறிவேன். தன் பெயரில் ஒரு கதவு, உள்ளே தாழிட்டுக்கொள்ளும் உரிமை. அந்த ஆசைக்குக் கிரேக்கத் தூண் வைத்தால் என்ன, பனையோலை வேய்ந்தால் என்ன.

ஆனால் மார்பிள் ஹில் படிக்கட்டு மஹோகனி மரத்தால் ஆனது. அந்தக் காலத்தில் கரீபியத் தீவுகளிலும் மத்திய அமெரிக்கக் காடுகளிலும் அந்த மரத்தை வெட்டி இழுத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். விடுதலையடைந்த ஒரு பெண் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கியது அதன் மேல்தான். இரண்டும் ஒருசேர உண்மை. ஒன்றை வைத்து மற்றதை அடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஹென்ரியட்டாவுக்கு ஓய்வுக்கு உரிமை இருந்தது. மரம் இழுத்தவருக்கும் இருந்தது. முன்னவருடைய உரிமை மெய் என்பதாலேயே பின்னவருடையது பறிபோனதை நம்மால் அளக்க முடிகிறது. ஓய்வை வெறும் சுகமென்று ஒதுக்கிவிட்டால், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு விடுப்பு கேட்கவும் நமக்கு வாய் இருக்காது.

போன ஆண்டு ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். கோவளத்துக்குத் தெற்கே இரண்டு கிரவுண்டு மனை, கிழக்கே கடல். ஆயிரத்துச் சொச்சம் சதுர அடியில் வார இறுதி வீடு. கணவர் அலைபேசியில் தூண்களாகக் காட்டிக்கொண்டே போனார். மனைவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அங்கேயும் போய் நான்தான் சமைக்கணும்னா, அதுக்கு இங்கேயே இருந்துடலாம் மேடம். இங்கேயாவது கடை பக்கத்துல இருக்கு.”

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம், ஈடுபடும் ஆண் 97 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லாரும் வீட்டில், கறிக்குழம்பு, எண்ணெய்க் குளியல், வாரத் துணி. வார இறுதி வீடென்பது பல பெண்களுக்கு இரண்டாவது சமையலறை. மளிகையைக் கட்டி, கேஸ் இருக்கிறதா என்று விசாரித்து, இட்லி மாவு பொங்கிவிடாமல் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டிய சமையலறை.

நான் 33 அடிச் சதுரத்தை எடுத்து ஒன்பதாகப் பிரித்தேன். ஒவ்வொன்றும் 11 அடி. பலேடியோவின் வரைபடங்களிலும் இந்த மாதிரிக் கட்டம்தான் அடியில் ஓடும். கிழக்கு வரிசையின் நடுச் சதுரம் திறந்த முகப்பு. இரண்டு பக்க அறைச் சுவர்களுக்கு நடுவே இரண்டே தூண். வீட்டின் நடுச் சதுரம், ஜெஃபர்சன் சாப்பாட்டு அறை வைத்த இடம், இங்கே அடுப்படி. மற்றக் கூரைகளைவிட அது உயரம், உச்சியில் நான்கு பக்கமும் காற்றுப் போக்கி. தாளிப்பு நெடி மேலேறிப் போய்விடும், வெளிச்சம் இறங்கிவரும். கணவரின் தாயார் படத்தைப் பார்த்தவுடனே கேட்டார்: நடு இடம் பிரம்மஸ்தானம் ஆயிற்றே, அங்கே அக்கினியா? நடுச் சதுரத்துக்குள்ளேயே தென்கிழக்கு மூலையில் அடுப்பை வைத்து அவரைச் சமாதானப்படுத்தினோம்.

அடுப்படியை நடுவில் கொண்டுவந்துவிட்டால் நியாயம் வந்துவிடுமா? சென்னை அடுக்ககங்களில் பதினைந்து இருபது ஆண்டுகளாகத் ‘திறந்த சமையலறை’ கட்டுகிறோம். சமைக்கிறவள் இப்போது எல்லார் கண்ணிலும் படுகிறாள். வேலை குறையவில்லை, சமைத்துக்கொண்டே சிரிக்கவும் வேண்டியிருக்கிறது. பழைய பின்கட்டில் ஒரு சுதந்திரமும் இருந்தது. நைட்டியோடு தரையில் கால்நீட்டி உட்காரலாம், மாமியாரைப் பற்றிப் பேசலாம், அழலாம். கண்ணில் படும் வேலை பகிரப்பட்ட வேலை ஆகிவிடாது. அதனால் நான் செய்தது சின்னக் காரியம்தான். சமையல்மேடைக்குப் பின்பக்கம் என்று ஒன்று இல்லாதபடி, சாப்பாட்டு மேசையையும் அதையும் ஒரே உயரத்தில் ஒன்றாக்கினேன். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அங்கே ஓர் அரிவாள்மனையோ கத்தியோ இருக்கும், குப்பைக்கூடை காலடியில் இருக்கும். செய்தித்தாள் விரிக்க இடமில்லை. அந்த மனைவி இதைப் பார்த்துச் சிரித்தார். கணவர் செய்தித்தாள் எங்கே படிப்பது என்று கேட்டார்.

தூணைப் பற்றியும் பேச வேண்டும். இந்த ஊரில் தூண் புதிதல்ல. கும்பெனிக்காரர்கள் மதராஸில் கட்டிக்கொண்ட தோட்ட வீடுகளில் செங்கல் தூணுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு பூசி, பளிங்கு என்று நம்பும்வரை தேய்த்து மெருகேற்றினார்கள். சமையல் தனிக் கொட்டகையில், வீட்டை விட்டுத் தள்ளி. இன்று கான்கிரீட் கம்பத்தின் மேல் ஃபைபர் உறையை மாட்டிவிடுகிறார்கள். கலவையும் செங்கல்லும் சுமப்பவர் சித்தாள், பெரும்பாலும் பெண். பத்து வருஷம் சுமந்தாலும் கரணையை அவர் கையில் கொடுத்துக் கொத்தனார் ஆக்குவது அபூர்வம். பெண்ணின் உடல் அளவு என்று விட்ருவியஸ் சொன்ன தூணைப் பெண்ணே தலையில் சுமந்து மேலேற்றிவிட்டு, கொத்தனாரைவிடக் குறைந்த கூலி வாங்கிக்கொண்டு போகிறார். காரியே ஊர்ப் பெண்களின் தண்டனைக்காவது ஒரு காரணம் சொன்னார்கள்.

மிச்சமிருந்தது காவல்காரர் குடும்பம். மனையை வாங்கும்போதே அங்கே ஒரு தகரக் கொட்டகையில் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் இருந்தார்கள். வீடு வந்த பிறகு வெள்ளிக்கிழமை பெருக்கித் துடைத்துத் தண்ணீர் பிடித்துவைத்து, திங்கட்கிழமை விரிப்புகளைத் துவைக்கப்போவது அந்தப் பெண்தான். வழக்கமான வரைபடத்தில் அவர்களுக்குப் பின்மூலையில், செப்டிக் டேங்கை ஒட்டி, பத்துக்குப் பத்தில் ஓர் அறை. இதில்தான் பலேடியோ எனக்கு எதிர்பாராத வகையில் கைகொடுத்தார். அடுக்களையை மறைக்கச் சொன்ன அதே ஆள், தன் வில்லாக்களில் வைக்கோலும் ஏரும் வைக்கும் தொழுவங்களைத் தூண் வரிசையோடு முகப்பிலேயே, வீட்டின் இரு கை நீட்டியதுபோல வைத்தார். ஃபன்சோலோ ஊரிலுள்ள வில்லா எமோவைப் பார்த்தால் தெரியும். அவை பண்ணை வீடுகள், அங்கே வேலையை ஒளிக்க முடியாது. பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் பெரும்பாலும் கோயில் முகப்பை எடுத்துக்கொண்டு தொழுவத்தை விட்டுவிட்டார்கள். நான் அந்தக் கையைத் திரும்ப வரைந்து பார்த்தேன்: காவல்காரர் வீடு வடக்குப் பக்கச் சிறகாக, அதே உயரம், அதே ஓடு, அதே கடல்.

கணவருக்கு முகம் மாறியது. “ஃப்ரண்ட் எலிவேஷன் அடிபடும் மேடம். நாளைக்கு விக்கணும்னா?” மனைவிக்குப் பிடித்திருந்தது. முடிவு செய்வதற்கு முன் அதில் குடியிருக்கப்போகிறவரைக் கேட்க வேண்டும் அல்லவா? போய்க் கேட்டேன். அந்தப் பெண் படத்தைப் புரிந்துகொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. குச்சியால் மணலில் ஒரு கோடு கிழித்துக் கேட்டார்:

“முன்னால வெச்சா, அவங்க வந்திருக்கும்போது நான் வாசல்ல உக்காந்து தலை காய வைக்க முடியுமா மேடம்? எங்களுக்குப் பின்னாலயே போதும். அந்த வேப்பமரம் மட்டும் வெட்டாம விடுங்க. ரோட்டுப் பக்கமா தனியா ஒரு கேட்டு வெச்சிக் குடுங்க. எங்க அம்மா வந்தாலும் இவங்க வாசல் வழியா, கேமரா முன்னால நின்னு, போன் போட்டுக் கேட்டுட்டுதான் வரணும்னா எப்பிடி?”

தண்ணீர்க் குழாயும் தனியாகக் கேட்டார். சனி ஞாயிறு அவருக்கு விடுப்பு கிடையாது என்பதால் எந்த நாள் விடுப்பு என்றும் கேட்டார். அதை நான் வரைய முடியாது. மனைவியிடம் சொன்னேன், புதன் என்று பேசி முடித்தார்கள்.

இப்போது வரைபடத்தில் செப்டிக் டேங்க் தெற்குக்கு நகர்ந்திருக்கிறது. வேப்பமரத்தடியில் 280 சதுர அடியில் இரண்டு அறை, தனிக் குழாய், தனிக் கழிப்பறை, கடல் தெரியாத ஒரு திண்ணை. சாலைப் பக்கம் இரண்டு கேட்டுகள். ஒன்று கார் வர பன்னிரண்டு அடி, மற்றது மூன்றரை அடி. சிறிய கேட்டின் சாவி வீட்டுக்காரரிடமும் ஒன்று இருக்க வேண்டும் என்கிறார் கணவர். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.